பச்சிளம் பருவத்து அழற்சி, வளரும் வலி நரம்புகளை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலி நரம்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

திசுவுக்குச் சேதம் வரும் அளவுக்குச் சூடோ அழுத்தமோ ரசாயனமோ பட்டால் கிளம்பும் உணர்வு நரம்புகளை. இவற்றுக்கு 'நோசிசெப்டார்' என்று 1906-இல் பெயர் வைத்தவர் சார்லஸ் ஷெரிங்டன். மெல்லிய மயலின் உறை போர்த்திய ஏ-டெல்டா இழைகள் ஒரு வகை, உறையே இல்லாத சி இழைகள் இன்னொரு வகை. சி இழையில் செய்தி நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் ஊர்ந்து வரும். கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்' என்றும், கொஞ்சம் கழித்து மந்தமான எரிச்சலாகவும் இரண்டு தடவை வலிப்பது இதனால்தான்.

இந்த நரம்பணுவின் உடல், தண்டுவடத்தை ஒட்டிய பின்வேர் முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கிளை தோலுக்கோ குடலுக்கோ போகிறது, இன்னொன்று தண்டுவடத்தின் பின்கொம்புக்குள் நுழைகிறது. அழற்சி ஒரு முனையில் தொடங்கினாலும் இரண்டு முனைகளும் மாறுகின்றன. கீழே வரும் பல பதில்கள் இதை வைத்துத்தான்.

பிறக்கும்போது இந்த நரம்புகள் முழுதாக வளர்ந்திருக்குமா?

வலியை உணரும் அளவுக்கு வளர்ந்திருக்கும். ஆனால் அமைப்பு முடிந்திருக்காது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. 'குழந்தையின் நரம்பு முதிரவில்லை, அதனால் வலி குறைவு' என்ற பழைய எண்ணத்துக்கு இதுதான் காரணம். நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு.

எலி, சுண்டெலி ஆய்வுகளில் தெரிந்தவற்றைச் சொல்கிறோம். கருவில் இருக்கும்போது வலி நரம்புகள் எல்லாமே உயிர்வாழ நரம்பு வளர்ச்சிக் காரணியை, அதாவது என்ஜிஎஃப் என்ற புரதத்தை, நம்பியிருக்கின்றன. (இதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.) என்ஜிஎஃப்-ஐப் பிடிக்கும் ஏற்பியின் பெயர் டிஆர்கே-ஏ. பிறந்த முதல் மூன்று வாரங்களில் இந்த நரம்புகளில் சுமார் பாதி, அந்த ஏற்பியைக் கைவிட்டு, ஜிடிஎன்எஃப் என்ற வேறொரு காரணிக்கு மாறிவிடுகின்றன. இந்த மாற்றத்தை நடத்துவது ரன்எக்ஸ்1 என்ற மரபணு. மாறாமல் நின்றவை சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி போன்ற பெப்டைடுகளை, அதாவது சிறு புரதத் துணுக்குகளை, சுரக்கும் வகையாகின்றன. மாறியவை பெப்டைடு இல்லாத வகை. ஆக, ஒரு நரம்பு எந்த வகையாகும் என்பது முடிவாவதே பிறந்த பிறகுதான்.

தண்டுவடத்துக்குள்ளும் வேலை பாக்கி இருக்கிறது. தொடுகையைச் சொல்லும் தடித்த ஏ-பீட்டா இழைகள், முதலில் வலிக்கு உரிய மேலடுக்குகள் வரை பரவிக் கிடக்கும். எலிக்குட்டியில் சுமார் மூன்று வாரங்களில்தான் அவை கீழே ஒதுங்குகின்றன. சி இழைகளின் இணைப்புகள் இரண்டாவது வாரத்தில்தான் வலுப்பெறுகின்றன. மூளைத்தண்டிலிருந்து இறங்கிவந்து வலியைத் தணிக்கவேண்டிய பாதையோ, மூன்றாவது வாரம் வரை வலியைக் கூட்டும் பக்கமாகவே வேலை செய்கிறது. அதனால் குறைமாதக் குழந்தையை லேசாகத் தொட்டாலே காலை இழுத்துக்கொள்ளும், திரும்பத் திரும்பத் தொட்டால் அந்த அனிச்சை அடங்குவதற்குப் பதில் பெருகும்.

அழற்சி வந்ததும் நரம்பில் என்ன நடக்கிறது?

நிமிடங்களில் நடப்பது ஒன்று, நாட்களில் நடப்பது வேறு.

காயம்பட்ட திசுவிலிருந்தும், அங்கே வந்து சேரும் நோயெதிர்ப்பு அணுக்களிலிருந்தும் ப்ராஸ்டகிளாண்டின் ஈ2, பிராடிகைனின், இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா, என்ஜிஎஃப் என்று அழற்சியைக் கிளப்பும் ரசாயனங்கள் எல்லாம் கசிகின்றன. இவை நரம்பு முனையில் ஏற்கெனவே இருக்கும் அயனிக் கால்வாய்களில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. சூட்டையும் மிளகாயின் காரத்தையும் உணரும் டிஆர்பிவி1 கால்வாய், வழக்கமாகச் சுமார் 43 டிகிரி செல்சியஸில் திறப்பது. அழற்சியில் அது உடல் வெப்பத்திலேயே திறக்கத் தொடங்குகிறது. என்ஏவி1.8 என்ற சோடியம் கால்வாயும் எளிதில் திறக்கிறது. அழற்சி அடங்கினால் இந்தப் பகுதி பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மெதுவான பகுதி வேறு கதை. முனையில் என்ஜிஎஃப்-ஐப் பிடித்த டிஆர்கே-ஏ ஏற்பி, ஒரு சிறு பையாகச் சுருண்டு, நரம்பிழை வழியாகப் பின்வேர் முடிச்சு வரை கொண்டுபோகப்படுகிறது. அங்கே எந்த மரபணு எவ்வளவு எழுதப்படவேண்டும் என்பதை மாற்றுகிறது. கால்வாய்களும் பெப்டைடுகளும் கூடுதலாக உற்பத்தியாகி இரு முனைகளுக்கும் அனுப்பப்படுகின்றன. இதற்கு நாள்கணக்கு ஆகும், திரும்பவும் நாளாகும்.

பெரியவர்களுக்கும் இதேதானே நடக்கிறது? குழந்தைக்கு மட்டும் ஏன் தனிப் பேச்சு?

வளர்ந்த நரம்புக்கு என்ஜிஎஃப் என்பது ஓர் எச்சரிக்கை. வளரும் நரம்புக்கு அதுவே 'நீ எந்த வகை, எத்தனை கிளை விடவேண்டும்' என்று சொல்லும் கட்டளை. அழற்சியில் தோலின் என்ஜிஎஃப் பல மடங்கு ஏறும்போது எச்சரிக்கையும் கட்டளையும் ஒரே ரசாயனத்தில் கலந்துவிடுகின்றன. சிக்கல் இதுதான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று 1990-களின் தொடக்கத்தில் கேரி லூயின், லோர்ன் மெண்டல் குழுவினர் செய்த சோதனைகள். எலிக்குட்டிகளுக்குப் பிறந்த முதல் இரண்டு வாரங்களில் என்ஜிஎஃப் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்தி, எலிகள் முழு வளர்ச்சி அடைந்த பிறகும் அழுத்தத்துக்கான மிகையுணர்வு அப்படியே நின்றது. ஏ-டெல்டா வலி நரம்புகளே கூருணர்வு பெற்றிருந்தன. அதே மருந்தை அந்த வயது தாண்டியபின் கொடுத்தபோது அந்த நரம்புகளில் இப்படிப்பட்ட மாற்றம் வரவில்லை. இன்னொரு சோதனையில், அதே ஆரம்ப நாட்களில் என்ஜிஎஃப்-ஐ எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொண்டு தடுத்தார்கள். நரம்புகள் சாகவில்லை. வலி உணரவேண்டிய ஏ-டெல்டா இழைகள், மெல்லிய ரோம அசைவை உணரும் வகையாக மாறிப்போயின. கூடினாலும் குறைந்தாலும் விளைவு நிரந்தரம், காலம் மட்டும் சரியாக அமைய வேண்டும்.

கிளை விடுவதற்கும் ஓர் உதாரணம். 1995-இல் மரியா ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆய்வகம், பிறந்த அன்றே எலிக்குட்டியின் பாதத்தோலில் காயம் உண்டாக்கிப் பார்த்தது. காயம் ஆறிய இடத்தில் உணர்வு நரம்புகள் அடர்த்தியாகக் கிளைத்திருந்தன. தோல் மூடிய பிறகும், 12 வாரம் கழித்தும் அந்த அடர்த்தி தெரிந்தது. வளர்ந்த எலியில் அதே காயம் செய்தால் லேசாகக் கிளைத்துப் பிறகு அடங்கிவிடும்.

ஃப்ராய்ண்ட் கலவை ஊசி போட்ட எலி ஆய்வுதானே இதற்கெல்லாம் அடிப்படை? அதை நம்பலாமா?

பாதி நம்பலாம். 2000-இல் மேரி ஆன் ரூடா குழு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இது. புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் பின்னங்காலில், கடும் அழற்சியைத் தூண்டும் முழு ஃப்ராய்ண்ட் கலவையைச் செலுத்தினார்கள். வளர்ந்த பிறகு தண்டுவடத்தின் அந்தப் பக்கத்தில் வலி நரம்பு முனைகள் வழக்கத்தைவிட அடர்த்தியாகவும் அகலமாகவும் பரவியிருந்தன. வலித் தூண்டலுக்கு எலிகளின் எதிர்வினையும் கூடியிருந்தது. இந்தத் துறைக்கே கவனம் திரும்பியது அந்தக் கட்டுரையால்தான்.

ஆனால் அளவைக் கணக்குப்போட்டுப் பாருங்கள். இவ்வகைச் சோதனையில் வழக்கமான அளவு 25 மைக்ரோலிட்டர். பிறந்த எலிக்குட்டியின் எடை சுமார் 6 கிராம். கிராமுக்கு 4 மைக்ரோலிட்டருக்கு மேல். 250 கிராம் எலிக்கு 100 மைக்ரோலிட்டர் போட்டால் கிராமுக்கு 0.4 தான். பத்து மடங்கு வித்தியாசம். அதோடு, எண்ணெயில் கரைத்த அந்தக் கலவை பாதத்துக்குள் வாரக்கணக்கில் தங்கும், வீக்கம் முழுதாக வற்றாமலேயே எலி வளர்ந்துவிடும். அப்படியானால் அளப்பது ஆறிப்போன பழைய அழற்சியின் தடயத்தையா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அழற்சியையா? சுவெலன் வாக்கர் குழு 2003-இல் இதைச் சோதித்தபோது, நரம்பு முனைகளின் நீடித்த விரிவு அதிக அளவு ஃப்ராய்ண்ட் கலவையோடுதான் வந்தது. கராஜீனன் என்ற கடற்பாசிப் பொருளால் உண்டாக்கி, ஓரிரு நாளில் அடங்கும் அழற்சியில் வரவில்லை.

எனவே 'சின்ன வயதில் வீக்கம் வந்தால் தண்டுவடத்தில் நரம்பு கூடுதலாக முளைக்கும்' என்று பொதுவாகச் சொல்வது தவறு. கடுமையான, நீடித்த அழற்சிக்கு அது பொருந்தும். சாதாரண அழற்சிக்கு வேறு வகையான தடயம் உண்டு.

அது என்ன தடயம்? பிற்காலத்தில் வலி கூடுமா, குறையுமா?

இரண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

முதல் வாரத்தில் கராஜீனன் போன்ற குறுகிய அழற்சியைச் சந்தித்த எலிகள் வளர்ந்ததும், சாதாரண நிலையில் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் மற்ற எலிகளைவிட மெதுவாகவே எதிர்வினை காட்டின. அதாவது, மந்தம். ஆனால் அதே எலிகளுக்கு மறுபடி ஓர் அழற்சியை உண்டாக்கினால் வலி மற்றவற்றைவிட அதிகமாக ஏறியது. மந்தம் உடம்பு முழுக்க இருந்தது, இரண்டாம் தடவை வரும் மிகை, முன்பு அடிபட்ட காலில் தூக்கலாகத் தெரிந்தது.

ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒருவர் அமைதியான எலியின் காலில் அளந்து 'உணர்வு குறைந்தது' என்பார், இன்னொருவர் இரண்டாவது காயத்துக்குப் பிறகு அளந்து 'உணர்வு கூடியது' என்பார். இருவரும் சரி.

முதல் காயத்தை உடம்பு எங்கே நினைவு வைத்திருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. மந்தத்துக்கு மூளை நடுப்பகுதியில் உள்ள பெரியாக்வடக்டல் சாம்பல் பகுதி ஒரு காரணம். ஆனி மர்ஃபியின் குழு, பிறந்த அன்று அழற்சி கண்ட எலிகளில் அங்கே உடம்பின் சொந்த ஓபியாய்டு (மார்பின் போல வலி தணிக்கும் பொருள்) சுரப்பு நிரந்தரமாகக் கூடியிருப்பதைக் காட்டியது. ஓபியாய்டைத் தடுக்கும் நாலோக்ஸோன் கொடுத்தால் மந்தம் விலகியது. இதன் மறுபக்கம் மருத்துவருக்கு முக்கியம்: அதே எலிகளுக்கு அழற்சி வலியை அடக்க மார்பின் கூடுதலாகத் தேவைப்பட்டது.

இரண்டாம் தடவை மிகைக்குத் தண்டுவடத்தின் நோயெதிர்ப்பு அணுக்களான மைக்ரோக்ளியா பொறுப்பு. மூன்றாம் நாளில் பாதத்தில் சிறு அறுவைக் கீறல் கண்ட எலிக்கு, வளர்ந்தபின் மறுபடி கீறல் போட்டால் மைக்ரோக்ளியாக்கள் வேகமாகவும் அதிகமாகவும் கிளம்பின. அந்த இரண்டாவது கீறல் சமயத்தில் தண்டுவடத்தைச் சுற்றி, மைக்ரோக்ளியாவை அடக்கும் மினோசைக்ளின் மருந்தைச் செலுத்தியபோது மிகை வரவில்லை. இது 2012-இல் வெளியானது. பிறகு வந்த ஆய்வுகளில் மினோசைக்ளினின் இந்தப் பலன் ஆண் எலிகளில்தான் தெரிந்தது. பெண் எலிகளிலும் மிகை உண்டு, பாதை வேறு. ஆண் எலியில் மட்டும் பார்த்துவிட்டு மருந்து பரிந்துரைக்கும் கட்டுரைகளைச் சற்று எச்சரிக்கையோடு படியுங்கள்.

அண்மையில் சுண்டெலிகளில், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்களிலும் இத்தகைய நினைவு இருப்பது தெரியவந்திருக்கிறது. சின்ன வயதில் காயம் கண்ட சுண்டெலியின் மேக்ரோஃபேஜ்களை, காயமே காணாத சுண்டெலிக்கு மாற்றினால் அதற்கும் அந்த மிகை ஒட்டிக்கொள்கிறது.

எந்த வயது வரை இந்த ஆபத்து?

எலியில் முதல் வாரம்தான் முக்கியம். 3-ஆம், 6-ஆம் நாளில் போட்ட கீறல் தடயம் விட்டது, 10-ஆம் நாளும் அதற்குப் பிறகும் போட்டது விடவில்லை. நரம்பு வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் எலியின் முதல் வாரம், மனிதரில் கர்ப்பத்தின் 24 முதல் 36-ஆவது வாரம் வரையிலான குறைமாதக் காலத்தோடு ஒப்பிடப்படுகிறது. 7 முதல் 10-ஆம் நாள், நிறைமாதக் குழந்தைக்கு நிகர். இந்த ஒப்பீடு தோராயமானது. தோல், தண்டுவடம், பெருமூளை மூன்றும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை.

குடலுக்குக் காலம் வேறு. 8 முதல் 21-ஆம் நாள் வரை பெருங்குடலைப் பலூனால் விரித்தோ, கடுகு எண்ணெயால் எரிச்சலூட்டியோ வளர்த்த எலிகளுக்கு, வளர்ந்த பிறகு குடல் விரிவே வலித்தது. திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சேதம் எதுவும் இல்லை. எரிச்சல் குடல் நோயோடு ஒப்பிட்டு அடிக்கடி பேசப்படும் ஆய்வு இது.

நரம்பே வெட்டுப்பட்டால் இன்னும் மோசமாகுமா?

வியப்பாக, உடனடியாக இல்லை. வளர்ந்த எலியில் கடுமையான நரம்பு வலி உண்டாக்கும் அதே வெட்டு, எலிக்குட்டியில் வலி மிகையை உண்டாக்குவதில்லை. குட்டியின் தண்டுவடம் அப்போது இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-10 போன்ற அழற்சி அடக்கும் பொருட்களைச் சுரக்கிறது. ஆனால் எலி பருவமடையும் சமயத்தில் அந்த அடக்கம் நீங்கி, வலி தாமதமாகத் தலைகாட்டுகிறது. பிரசவத்தில் கை நரம்புப் பின்னல் கிழிபட்ட குழந்தைகளுக்கு, அதே காயம் கண்ட பெரியவர்களைப்போல நீடித்த நரம்பு வலி வருவது அரிது என்பதோடு இது பொருந்துகிறது.

மனிதர்களில் நேரடிச் சான்று இருக்கிறதா? குழந்தைக்கு நினைவே இருக்காதே?

மனம் நினைவு வைப்பது வேறு, நரம்பு நினைவு வைப்பது வேறு. 1997-இல் அன்னா டாடியோ குழு 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பிறந்தவுடன் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், 4, 6 மாதத் தடுப்பூசியின்போது மற்றவர்களைவிட அதிகம் அழுதார்கள். சுன்னத்துக்கு முன் மரப்புக் களிம்பு பூசப்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் குறைந்திருந்தது.

நீண்ட காலத்துக்கு: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-இல் 26 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளை 11 வயதில் சோதித்தபோது, சூடு, குளிர் இரண்டையும் உணர்வதில் மந்தம் தெரிந்தது. பச்சிளம் பருவத்தில் அறுவை சிகிச்சை நடந்தவர்களிடம் அது அதிகம். ஜெர்மனியில் ஹெர்மன் குழு 2006-இல் வெளியிட்டது இன்னும் சுவையானது: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, சூடு வலியாக மாறக் கூடுதல் வெப்பம் தேவைப்பட்டது. ஆனால் சூடு தொடர்ந்து நீடித்தால் அவர்களின் வலி மற்றவர்களைவிட வேகமாக ஏறியது. எலியில் கண்ட மந்தமும் மிகையும் இங்கேயும் ஒன்றாக வருகின்றன.

ஒரு தடை உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அழற்சி, திரும்பத் திரும்ப ஊசி, அறுவை, கிருமித்தொற்று, தாயைப் பிரிந்திருத்தல், மருந்துகள் எல்லாமே சேர்ந்து நடந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மனித ஆய்வுகளால் முடிவதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு குழந்தைக்கு எத்தனை தடவை வலி நேர்கிறது?

பாரிஸ் வட்டாரத்தில் 430 குழந்தைகளைக் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வில், முதல் 14 நாட்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 10 வலிதரும் செயல்கள். பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வலி தணிப்பு எதுவும் தரப்படவில்லை. தோலைக் குத்தும் செயல்களில் மிகச் சாதாரணமானது குதிகால் குத்தல்.

குதிகாலில் குத்தும்போது சேதத்தையும் அழற்சியையும் எப்படிக் குறைப்பது?

முதல் கேள்வி, இந்த ரத்தம் இப்போது தேவையா என்பது. இரண்டு பரிசோதனைகளை ஒரே குத்தலில் முடிக்க முடிந்தால் அதுவே மிகப் பெரிய வலி தணிப்பு. நிறைமாதக் குழந்தைக்குத் தேர்ந்த கை இருந்தால் சிரையில் எடுப்பது குதிகாலைவிட வலி குறைவு, மறுகுத்தலும் குறைவு.

குதிகால்தான் என்றால், பாதத்தின் அடிப்பக்க ஓரங்களில் குத்தவேண்டும், பின் வளைவில் கூடாது. அங்கே எலும்பு தோலுக்கு மிக அருகில். ஆழம் 2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, குறைமாதத்துக்கு அதைவிடக் குறைவு. கைக் கத்தியைவிட, ஆழம் முன்னமே பொருத்தப்பட்ட, தானே உள்ளிழுக்கும் லான்செட் (சிறு குத்தூசி) நல்லது. முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததைச் சேகரியுங்கள். பலர் கவனிக்காத ஒன்று: குத்தலைவிடப் பிழிதல்தான் அதிகம் வலிக்கிறது, சிராய்ப்பும் வீக்கமும் அதனால்தான் வருகின்றன. ரத்தம் வரவில்லை என்றால் அழுத்திக் கசக்காமல், கையை விட்டு மறுபடி நிரம்ப விடுங்கள். ஒரே புள்ளியில் திரும்பக் குத்தாதீர்கள், முந்தைய குத்தலின் அழற்சி அங்கே இன்னும் இருக்கும், அந்தத் தோலின் உணர்வு ஏற்கெனவே கூர்மையாகியிருக்கும்.

மரப்புக் களிம்பு குதிகாலில் பலன் தருவதில்லை. சிரைக் குத்தலுக்கு உதவும், ஆனால் குறைந்தது 60 நிமிடம் முன்பு பூசவேண்டும். குறைமாதக் குழந்தையில் அதிகம் பூசினால் மெதீமோகுளோபின் ஏறி ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையும். அளவையும் பரப்பையும் மருத்துவர் சொல்லட்டும்.

சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் நரம்பு பாதுகாக்கப்படுமா?

குழந்தையின் அழுகையும் முகச்சுளிப்பும் குறையும். 24 சதவீத சுக்ரோஸ், குத்தலுக்கு 2 நிமிடம் முன்பு, நாக்கின் முன்பகுதியில், குழந்தையின் எடைக்கேற்ப 0.1 முதல் 1 மில்லிலிட்டர் வரை. ஆனால் 2010-இல் ரெபேக்கா ஸ்லேட்டர் குழு மூளை மின் அலையை அளந்தபோது, சுக்ரோஸ் குடித்த குழந்தைக்கு முகம் அமைதியாக இருந்தும் மூளையில் வலிச்செய்தி குறையவில்லை. எனவே அது ஆறுதல் தருகிறது. நரம்பைக் காக்கிறது என்று சொல்லச் சான்று இல்லை. சுக்ரோஸ் கொடுத்ததை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். ஒரு நாளில் 10 முறைக்கு மேல் போனால் குத்தல்களின் எண்ணிக்கையைத்தான் முதலில் கேள்வி கேட்கவேண்டும். வாய்வழி எதுவும் தரக்கூடாத குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் வேண்டாம். சர்க்கரைக் கரைசலுக்குப் பதில் தேன் ஒருபோதும் கூடாது, ஒரு வயதுக்குள் தேன் பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரலாம்.

தோலோடு தோல் சேர்த்து மார்பில் கிடத்துவதைக் குத்தலுக்கு 10-15 நிமிடம் முன்பே தொடங்கினால் பலன் தெரியும். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே குத்தலாம். நொடிக்கு சுமார் 3 சென்டிமீட்டர் வேகத்தில் காலை மெல்ல வருடினால் மூளையின் வலி அலையே குறைவது 2018-இல் காட்டப்பட்டது. அதைவிட வேகமாகத் தேய்த்தால் அந்தப் பலன் இல்லை.

பேசாமல் மார்பின் கொடுத்துவிட்டால்?

தேவையான இடத்தில் கட்டாயம். அறுவை சிகிச்சைக்கு ஃபென்டனில் சேர்த்தால் குறைமாதக் குழந்தைகளின் உடல் அழுத்த எதிர்வினையும் சிக்கல்களும் குறைவதை கே. ஜே. எஸ். ஆனந்த் குழு 1987-இலேயே காட்டியது. அதற்கு முன் பல இடங்களில் இந்தக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடு அறுவை நடந்தது.

எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பது வேறு. செயற்கைச் சுவாசத்தில் இருந்த சுமார் 900 குறைமாதக் குழந்தைகளில் நடந்த நியோபெயின் ஆய்வில், முன்கூட்டியே தொடர் மார்பின் செலுத்தியதால் மூளை ரத்தக்கசிவோ இறப்போ குறையவில்லை, ரத்த அழுத்தம்தான் இறங்கியது. கண் பரிசோதனைக்கு முன் வாய்வழி மார்பின் தந்து பார்த்த பாப்பி ஆய்வு, மூச்சுக் கோளாறு காரணமாகப் பாதியில் நிறுத்தப்பட்டது. மேலும் ஒரு நுட்பம்: எலியில் கீறலின்போது கால் நரம்பை மரப்பு மருந்தால் சில மணிநேரம் தொடர்ந்து அடைத்து வைத்தால் 'இரண்டாம் தடவை மிகை' வரவில்லை. ஆனால் தோலில் நரம்பு கிளைப்பது நரம்படைப்பால் நிற்கவில்லை. அது மின்செய்தியால் வருவதில்லை, காயத்தோல் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளால் வருகிறது. வலியை அடக்குவதும் அழற்சியைச் சுருக்குவதும் தனித்தனி வேலைகள்.

தடுப்பூசியும் அழற்சிதானே? தள்ளிப்போடலாமா?

வேண்டாம். ஊசி போட்ட இடத்தின் வீக்கம் ஓரிரு நாளில் அடங்குவது. மேலே சொன்ன எலி ஆய்வுகள் பேசுவது பெரும்பாலும், குறைமாதக் காலத்துக்கு நிகரான முதல் வாரத்தில் வரும் அழற்சியையும் காயத்தையும் பற்றி. காய்ச்சல் வருமோ என்று முன்னதாகவே பாரசிட்டமால் கொடுப்பது, சில ஊசிகளுக்கு எதிர்ப்பாற்றலைச் சற்றுக் குறைக்கும், மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள். ஊசியின்போது பால் கொடுங்கள், மடியில் நிமிர்த்தி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்கப்போகிறோம். எங்கே தவறு நடக்கும்?

பெரும்பாலும் ஊசிக்கு முன்பே. எலிக்குட்டி தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளாது, கூட்டிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் குளிரும். குளிர்ந்த குட்டியைத் தாய் வேறுவிதமாக நக்கும், அதுவே பிற்கால வலியை மாற்றப் போதும். வெப்ப மெத்தையில் வைத்து, கூட்டுக்கு வெளியே 15 நிமிடத்துக்குள் முடியுங்கள். கட்டுப்பாட்டுக் குழு ஒன்று போதாது. உப்புநீர் ஊசி போட்ட குட்டியும் குத்துப்பட்ட குட்டிதான். கையால் எடுத்து மட்டும் வைத்தது, தொடவே தொடாதது என்று இன்னும் இரண்டு குழுக்கள் வேண்டும்.

ஒரே தாயின் 10 குட்டிகளைப் 10 தனி மாதிரிகளாகக் கணக்கிடுவது இந்தத் துறையின் தீராத நோய். கணக்கின் அலகு ஈற்று (ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகள் மொத்தமும்), தனிக் குட்டி அல்ல. ஒவ்வொரு ஈற்றிலும் எல்லாக் குழுக்களையும் கலந்து போடுங்கள், ஈற்றின் அளவை 8 முதல் 10 குட்டிகளாகச் சமப்படுத்துங்கள், ஆண் பெண் இரண்டையும் வைத்துத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். கராஜீனன் என்றால் 0.25 சதவீதம், கிராமுக்கு 1 மைக்ரோலிட்டர் என்ற அளவு முன்பே பயன்பட்டது. வீக்கம் உண்மையில் எப்போது வற்றியது என்று பாதத்தின் தடிமனை அளந்து பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் 'நீண்டகால விளைவு' என்று எழுத முடியாது. வளர்ந்தபின், தோலில் அழுத்தி உணர்வை அளக்கும் வான் ஃப்ரே இழைகளால் இயல்பு நிலையில் ஒருமுறை, இரண்டாவது அழற்சிக்குப் பிறகு பல நாட்கள் என இரண்டு கட்டமாக அளக்கவும்.

என் பிள்ளை 27 வாரத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். இப்போது 7 வயது. என்ன கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அன்றாட வாழ்க்கையில் எதுவும் தெரியாது. சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டுக் கையைத் தாமதமாக எடுக்கிறானா, காயத்தை நீங்கள் பார்த்துச் சொல்லும்வரை கவனிக்காமல் இருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால், 'இவன் ரொம்பத் தைரியசாலி, வலியைப் பொறுத்துக்கொள்வான்' என்று முடிவு கட்டாதீர்கள். மந்தமும் மிகையும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம்.

அறுவை சிகிச்சைக்குப் போக நேர்ந்தால், அது முன்பு வெட்டுப்பட்ட பகுதி என்றால் கட்டாயமாக, மயக்க மருத்துவரிடம் மூன்று தகவல் சொல்லுங்கள்: எத்தனை வாரத்தில் பிறந்தான், முதல் மாதங்களில் என்னென்ன அறுவைகள் நடந்தன, அப்போது மார்பினோ ஃபென்டனிலோ எத்தனை நாள் ஓடியது. பழைய சிகிச்சைச் சுருக்கத் தாள் இருந்தால் அதையே கொண்டுபோங்கள். அறுவைக்கு முன்பே நரம்படைப்பு சேர்ப்பதா, அறுவைக்குப் பிந்தைய வலி மருந்தை வழக்கத்தைவிடச் சில நாள் நீட்டிப்பதா என்று அவர் அதை வைத்து முடிவெடுக்க முடியும்.